ஆலமரத்தடியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், இராமாநுசர் பிறந்த திருப்பெரும்புதூரைச் சென்றடைவதற்குச் சற்று முன்னர் அமைந்துள்ள ஊர் இருங்காட்டுக்கோட்டை. ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஏரிப் பாசனத்தையும் மானாவாரிப் பயிரையும் நம்பியிருந்த சிற்றூர்களின் நடுவே, 1996ஆம் ஆண்டில் தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து ஆலைக்கு அடித்தளமிட்டது. 1998இல் முதல் வண்டி வெளிவந்தது. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 15 முதல் 17 வரையிலான மூன்று நாள்களில், அந்த ஆலையை நடத்தும் இந்திய நிறுவனத்தின் பங்குகள் முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. மொத்த மதிப்பு 27,870 கோடி ரூபாய். இந்தியப் பங்குச் சந்தை அதுவரை அவ்வளவு பெரிய வெளியீட்டைக் கண்டதில்லை.

அவ்வெளியீட்டில் நிறுவனத்தின் ஊழியர்களுக்கென்று 7,78,400 பங்குகள் தனியே ஒதுக்கப்பட்டன. உச்ச விலையான 1,960 ரூபாயில் பங்கொன்றுக்கு 186 ரூபாய் தள்ளுபடியும் அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. வண்டியின் கதவைப் பொருத்தும் கை, அந்த நிறுவனத்திலேயே ஒரு சிறு பங்கை உரிமையாக்கிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். அதற்கு வேண்டியவை மூன்று: ஒரு வங்கிக் கணக்கு, ஒரு டீமேட் கணக்கு, ஒரு பான் அட்டை. விண்ணப்பத்தைக் கைப்பேசியிலிருந்தே அனுப்பிவிடலாம்; பணம் வங்கிக் கணக்கை விட்டு நகராமல் அங்கேயே ஒதுக்கி வைக்கப்படும். இன்றைய இளைஞருக்கு இது வியப்பான செய்தி அன்று. ஆயினும் இந்தக் கதவு ஒரு தொழிலாளியின் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்து சேர ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

கதை பம்பாயில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நகர மண்டபத்தின் எதிரே நின்ற ஆலமரத்தடியே அங்குப் பங்குத் தரகர்களின் அலுவலகம். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும், அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது நின்றது. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. பம்பாயில் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. சூரத்திலிருந்து வந்த சமணக் குடும்பத்தைச் சேர்ந்த பிரேம்சந்த் ராய்சந்த், அந்நாளில் பருத்தியிலும் பங்கிலும் ஈடிணையற்ற வணிகராக விளங்கினார். கடலைத் தூர்த்து நிலமாக்கப்போவதாகச் சொன்ன பேக் பே நிறுவனத்தின் பங்கு, செலுத்தப்பட்ட 5,000 ரூபாய்க்கு 50,000 ரூபாய் வரை விலைபோயிற்று. 1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை வீழ்ந்தது. பங்கு விலைகளும் உடன் வீழ்ந்தன. 2,850 ரூபாயைத் தொட்டிருந்த பம்பாய் வங்கியின் பங்கை 87 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. பிரேம்சந்தும் பெருஞ்செல்வத்தை இழந்தார்.

எனினும் அவர் மீண்டெழுந்தார். அவருடைய கொடையால் பம்பாய்ப் பல்கலைக்கழக வளாகத்தில் எழுந்த மணிக்கூண்டு, அவர்தம் அன்னையின் பெயரால் இன்றும் ராஜாபாய் கோபுரம் என்றே வழங்குகிறது. பார்வையிழந்த அன்னை, கதிரவன் மறையும் முன் உணவு கொள்ளும் சமண நெறியைப் பிறர் துணையின்றிக் காப்பதற்கு அம்மணியோசை உதவியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1875இல் தரகர்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கமே இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை. அதை நிறுவியோருள் பிரேம்சந்தும் ஒருவர். தொடக்கத்தில் உறுப்பினர் 318 பேர். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். ஒரு ரூபாய் என்றதும் எவரும் நுழையலாம் என்று கருதிவிடக் கூடாது. அங்கே உண்மையான நுழைவுச் சீட்டு, இன்னார் மகன், இன்னார் உறவினர் என்னும் அறிமுகமே. சொல்லை நம்பி நடந்த வணிகத்தில், சொல்லுபவரை அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

சென்னை இத்துறைக்குத் தாமதமாக வந்தது. வரும்போதே காயத்தோடு வந்தது. 1906 அக்டோபர் 22ஆம் நாள், சென்னையின் மாபெரும் வணிக நிறுவனமான அர்பத்நாட் திவாலாயிற்று. ஓய்வு பெற்ற அலுவலர், கைம்பெண்கள், கோயில் நிதியைக் காத்தவர் எனப் பலர் அந்நிறுவனத்தில் பணத்தைப் போட்டு வைத்திருந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். அந்த அதிர்ச்சியின் நடுவில்தான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. பணம் போட்டவன் கணக்கைக் கேட்கும் உரிமையுடையவன் என்னும் எண்ணம், தமிழ்நாட்டில் ஒரு வங்கியின் வடிவில் வேரூன்றிய நிகழ்ச்சி அது.

1920இல் சென்னைப் பங்குச் சந்தை தொடங்கியது. நூறு உறுப்பினரோடு தொடங்கிய சந்தை, முதல் உலகப் போருக்குப் பிந்திய செழிப்பு வடிந்ததும் சுருங்கிற்று; 1923இல் எஞ்சியோர் மூவரே. சந்தை மூடப்பட்டது. 1937இல் மீண்டும் உயிர் பெற்று, 1956ஆம் ஆண்டின் பத்திர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அரசின் ஏற்பைப் பெற்றது. ஆலைப் பங்கும் தோட்டப் பங்கும் கைமாறிய அந்தச் சந்தையும் அறிமுகமானவர்களின் உலகமாகவே இருந்தது. சென்னைக்கு வெளியே, திருப்பெரும்புதூர் போன்ற ஊரில் பணம் சேர்த்தவருக்கு அது கண்ணுக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தவை பொன், நிலம், சீட்டு, அடகுக்கடை. சற்றே துணிந்தால் அஞ்சலகச் சேமிப்பு.

தரகரை அறிந்தவருக்கும் பாதை எளிதாக இல்லை. பங்கு என்பது அந்நாளில் ஒரு காகிதம். விற்பவர் பங்குப் பத்திரத்தோடு மாற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுத் தர, வாங்குபவர் முத்திரை ஒட்டி நிறுவனத்துக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். நிறுவனம் தன் ஏட்டிலுள்ள கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் இளமையில் இட்ட கையொப்பமும் முதுமையில் நடுங்கிய கையால் இட்டதும் ஒத்திராவிடில் படிவம் திரும்பி வரும். அஞ்சலில் தொலைந்த பத்திரம், கறையான் அரித்த பத்திரம், திருடிக் கொணர்ந்த பத்திரம், போலி அச்சுப் பத்திரம் எனத் தொல்லைகள் பலவகை. பங்கு வாங்கிய ஒருவர் அதைத் தம் பெயரில் காண மாதக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாகவே இருந்தது. புதிய வெளியீட்டுக்கு விண்ணப்பித்தவருக்குப் பங்கு கிடைக்காவிடில், காசோலையாகக் கொடுத்த பணம் திரும்பி வரும்வரை வட்டியும் இல்லை, செய்தியும் இல்லை. இத்தனைக்கும் நடுவே, மாதச் சம்பளக்காரர் பங்கைச் சூதாட்டத்தோடு சேர்த்தெண்ணியதில் வியப்பில்லை. அவர் அஞ்சியது விலை ஏற்ற இறக்கத்தை மட்டுமன்று. தம் உடைமை தம் கையில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாத நிலையையும்தான்.

1992இல் ஏப்ரல் மாதம் வெளிப்பட்ட பத்திர ஊழல் இந்த அச்சத்தை நாடெங்கும் மெய்ப்பித்தது. பத்திரமே இல்லாமல் பத்திரம் இருப்பதாக வங்கிகள் எழுதிக் கொடுத்த இரசீதுகளைக் கொண்டு, ஹர்ஷத் மேத்தா முதலிய தரகர்கள் வங்கிப் பணத்தைச் சந்தையில் கொட்டினர். ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு, இடைவெளித் தொகையைச் சுமார் 4,000 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. காகிதத்தை நம்பிய அமைப்பு காகிதத்தாலேயே ஏமாந்தது. செபி என்று வழங்கும் பங்குப் பரிவர்த்தனை வாரியம் அவ்வாண்டிலேயே சட்ட அதிகாரம் பெற்றது. தேசியப் பங்குச் சந்தை நிறுவப்பட்டு, 1994இல் கணினித் திரையில் பங்கு வணிகத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாக எந்த நகரத்துத் தரகரும் ஒரே விலையைக் காண இயன்றது. 1996இல் வைப்பகச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு நவம்பரில் என்எஸ்டிஎல் செயற்படத் தொடங்கிற்று; 1999இல் சிடிஎஸ்எல் வந்தது. பங்குப் பத்திரம் காகித உருவை நீத்து, கணக்கேட்டில் ஒரு வரியாயிற்று. அதுவே டீமேட். கறையானுக்கும் திருடனுக்கும் இனி அங்கே வேலையில்லை.

ஆனால் சந்தையை அடைய இன்னும் ஒரு தரகரின் வாயிலையே நாட வேண்டியிருந்தது. தொலைபேசியில் சொல்லி வாங்க வேண்டும். காசோலை எழுதித் தர வேண்டும். பங்கு டீமேட் கணக்குக்கு வந்ததா என்று பின்னர்ப் பார்க்க வேண்டும். விற்கும்போது வைப்பகத்தின் சீட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் ஓரிடம், பங்கு ஓரிடம், கட்டளை ஓரிடம். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இணைய வழிப் பங்கு வணிகத்துக்குச் செபி இசைவளித்தது. அவ்வாண்டிலேயே ஐசிஐசிஐ குழுமம், சேமிப்புக் கணக்கு, டீமேட் கணக்கு, வர்த்தகக் கணக்கு என்னும் மூன்றையும் ஒன்றாக முடிச்சுப்போட்டுத் தந்தது. பின்னர் ஏனைய வங்கிகளும் அவ்வழியைப் பின்பற்றின.

அம்முடிச்சின் பொருளைச் சற்று விரித்துரைக்க வேண்டும். வங்கிகள் தாமே பங்குச் சந்தையில் உறுப்பினராவதற்கு இசைவில்லை. ஆதலின் அவற்றின் துணை நிறுவனங்களே தரகராக நிற்கும். வாடிக்கையாளர் வாங்கும் கட்டளை இடும்வரை பணம் அவருடைய சேமிப்புக் கணக்கிலேயே இருந்து வட்டி ஈட்டும். கட்டளை இட்டதும் அத்தொகைமட்டும் ஒதுக்கி வைக்கப்படும். பரிவர்த்தனை முடிந்ததும் பணம் வெளியே செல்ல, பங்கு உள்ளே வரும். விற்றால் இதற்கு நேர்மாறு. முன்னாளில் தரகரின் நாணயத்தை நம்பி அவர் கையில் கொடுத்து வைத்த பணம், இப்போது தன் பெயரிலுள்ள கணக்கை விட்டு அகலுவதில்லை. அறிமுகத்தின் இடத்தில் ஆவணம் வந்து அமர்ந்தது. இன்னார் மகன் என்று சொல்ல வேண்டியதில்லை. பான் எண்ணும் முகவரிச் சான்றும் போதும்.

அந்த முகவரிச் சான்று என்னும் சொல் சொல்லுவதற்கு எளிது. 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் முழுவதும் ஆலைகளாக மாறிக்கொண்டிருந்தது. 2006இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலை திறந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான், 2012இல் டெய்ம்லரின் சரக்குந்து ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு எனத் தொடர்ந்தன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர், சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் ஓர் அறைக்கு நால்வராகக் குடியிருந்தனர். ஆலை தந்த சம்பளக் கணக்கு அவர்களுக்கு இருந்தது. ஆனால் வாடகை அறைக்கு ஒப்பந்தமோ, மின்கட்டண அட்டையில் பெயரோ இல்லை. கணக்குத் தொடங்கும் படிவமோ பல பக்கம், பக்கந்தோறும் கையொப்பம், இரத்துச் செய்த காசோலை, ஒளிப்படம், சான்றுகளின் நகல். எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில். சந்தையின் கதவு திறந்துதான் இருந்தது. வாயிற்படி உயரமாக இருந்தது. ஆதார் எண்ணும் அதைச் சரிபார்க்கும் கைப்பேசிக் குறியீடும் பரவிய பின்னரே அப்படி தாழ்ந்தது.

உள்ளூர் மக்களுக்கோ வேறொரு தயக்கம். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்து இழப்பீடு பெற்ற குடும்பங்களின் கையில் ஒரு காலத்தில் பணம் இருந்தது. அதே தலைமுறைதான் 1990களில் கூடுதல் வட்டி ஆசைகாட்டிய நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்டதையும் கண்டது. அம்மோசடிகளின் விளைவாகவே 1997இல் தமிழ்நாட்டு அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நிதி நிறுவனத்துக்கும் பங்குச் சந்தைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்ல ஊரில் ஆளில்லாதபோது, இரண்டும் ஒரே பெயரால் அஞ்சப்பட்டன. அது அறியாமை என்று நகரத்தார் எள்ளலாம். சுட்ட கை நெருப்பை அறிந்த அறிவு அது.

2014 நவம்பர் முதல் நாள் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். எட்டாண்டுகள் உலகின் பல நாடுகளுக்குக் கைப்பேசி செய்தளித்த கரங்கள், அந்த நிறுவனத்தின் வளர்ச்சியில் சம்பளத்தைத் தவிர வேறெதையும் உடைமையாகப் பெற்றிருக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு, 2015 மே மாதம், சென்னைப் பங்குச் சந்தைக்கும் செபி விடை கொடுத்தது. மும்பையின் இரு திரைகளும் எல்லா வணிகத்தையும் ஈர்த்துக்கொண்ட பின், சென்னைக்கெனத் தனியே ஒரு சந்தை வேண்டியிருக்கவில்லை.

எளிமை வந்த இடத்தில் புதிய இடர்களும் வந்தன. இணையக் கணக்கில் பங்கை விற்பதற்கு ஒவ்வொரு முறையும் சீட்டெழுத வேண்டாம் என்பதற்காக, வாடிக்கையாளர்கள் தரகருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது வழக்கமாயிற்று. கணக்குத் தொடங்கும் படிவக் கட்டினுள் அதுவும் ஒரு தாள். படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டவர் மிகச் சிலரே. 2019 நவம்பரில் கார்வி என்னும் பெருந்தரகு நிறுவனத்தின்மேல் செபி தடை விதித்தபோது, அத்தாளின் வலிமை நாட்டுக்கு விளங்கிற்று. வாடிக்கையாளர்களின் பங்குகளை அந்நிறுவனம் தன் கடனுக்கு அடகு வைத்திருந்தது. 80,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குப் பங்குகள் திருப்பப்பட்டன. 2020 முதல், அதிகாரப் பத்திரம் தராதவர் விற்கும்போது தாமே ஓர் ஆறிலக்க எண்ணை இட்டு ஒப்புதல் தரும் முறையும், அடகுக்கு வாடிக்கையாளரின் நேரடி ஒப்புதலைக் கேட்கும் முறையும் வந்தன. 2022இல் அந்தப் பழைய அதிகாரப் பத்திரத்தின் எல்லையும் சுருக்கப்பட்டது. நடுங்கிய கையொப்பத்தில் தொடங்கிய வழக்கு, ஆறிலக்க எண்ணில் வந்து நிற்கிறது. அந்த எண்ணைப் பிறரிடம் சொல்லிவிடுவது, அந்நாளில் வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்ததற்கு ஒப்பாகும்.

மற்றோர் இடரை எந்த விதியும் முழுமையாகத் தடுக்க இயலவில்லை. 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. 2023 ஆகஸ்டில் 10 கோடியைக் கடந்தன. புதிதாய் வந்தோரிற் பலர் பங்கை வாங்கி வைக்க வரவில்லை. எஃப் அண்ட் ஓ என்னும் முன்பேர வணிகத்துக்கு வந்தனர். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் இழந்தனர் என்றும், மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அவர்களுள் நான்கில் மூவருக்கு மேற்பட்டோர் ஆண்டு வருமானம் 5 இலட்சத்துக்குக் குறைவு என்று அறிவித்தவர்கள். இரவுப் பணி முடித்து வரும் ஆலைத் தொழிலாளியின் வருமானமும் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள் அடங்குவதே. 1865இல் பம்பாயில் வீழ்ந்தவர்கள் பெருவணிகர்கள். அவர்களுக்கு மீண்டெழ முதலும் உறவும் இருந்தன. பங்குக் கணக்குத் தொடங்கும்போது முன்பேர வணிகப் பிரிவைத் தனியே கேட்டுப் பெற வேண்டும் என்பதும், அதை வேண்டாமென்று விட்டுவிடலாம் என்பதும் பலருக்கு எவரும் எடுத்துச் சொல்லாத செய்திகள்.

மீண்டும் 2024 அக்டோபருக்கு வருவோம். ஹூண்டாய் வெளியீட்டில் விற்கப்பட்டவை அனைத்தும் கொரியத் தாய் நிறுவனத்தின் கையிலிருந்த பங்குகள். திரண்ட பணம் இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை, சியோலுக்குச் சென்றது. இது பற்றிய பேச்சும், விலை மிகுதி என்னும் பேச்சும் சந்தையில் பரவியிருந்தன. சிறு முதலீட்டாளருக்கு ஒதுக்கியதில் பாதியளவுக்கே விண்ணப்பங்கள் வந்தன; பெருநிறுவனங்களே வெளியீட்டைத் தாங்கிப் பிடித்தன. ஆனால் ஊழியர்களுக்கென ஒதுக்கிய பகுதிக்கு 1.74 மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. ஊர் தயங்கியபோது ஆலைக்குள் இருந்தோர் தயங்கவில்லை. தள்ளுபடி ஒரு காரணம். தாம் செய்யும் பொருளைத் தாம் அறிவோம் என்னும் எண்ணம் இன்னொரு காரணமாகலாம். ஆனால் அவ்வொதுக்கீடு நிரந்தர ஊழியருக்கு மட்டுமே உரியது. அதே வளாகத்தில் ஒப்பந்த அடிப்படையிலும் பயிற்சியாளராகவும் உழைப்போர் அதில் சேரார். அவர்கள் தள்ளுபடியின்றிப் பொதுமக்களோடு பொதுமக்களாகவே விண்ணப்பிக்க இயலும். கணக்குத் தொடங்குவதில் இல்லாத வேறுபாடு, ஆலையின் வருகைப் பதிவேட்டில் இருந்தது.

அக்டோபர் 22ஆம் நாள் பங்கு சந்தைக்கு வந்தது. அர்பத்நாட் வீழ்ந்ததும் அதே தேதியில்தான். தேதிகள் ஒத்துப்போவதில் பொருளேதும் இல்லை. அன்று மாலை விலை சுமார் 1,820 ரூபாய். 1,960 கொடுத்தவருக்கு முதல் நாளே இழப்பு. 1,774 கொடுத்த ஊழியருக்குச் சிறு ஆதாயம். 2025 ஏப்ரலில் விலை 1,600க்கும் கீழே இறங்கியபோது இருவருக்கும் இழப்பு. அவ்வாண்டின் நடுவில் அது வெளியீட்டு விலையைக் கடந்து மேலேறியது. இடையில் அஞ்சி விற்றவரும் உண்டு, வைத்திருந்தவரும் உண்டு. வைத்திருந்த ஊழியர்களின் கணக்கில், மாதந்தோறும் வரவாகும் சம்பளத்துக்கு அருகில், இருங்காட்டுக்கோட்டை ஆலையின் சில பங்குகளும் ஒரு வரியாய் நிற்கின்றன.